இலை காயும் நேரம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிப் பதினைந்தடி நீளத்துக்கு ஒரு துண்டு மண் இருக்கிறது. கத்தரி, வெண்டை, சிலி பாடி என்கிற ஊசி மிளகாய், கம்பியில் ஏறிய பயத்தங்காய், மூலையில் ஒரு கறிவேப்பிலை. மிச்சமெல்லாம் தொட்டி. ஒரு வருஷம் மழையை அளந்தே தீருவது என்று கிளம்பினேன். மினரல் தண்ணீர் போத்தலின் கழுத்தை அறுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வேலிக்கம்பியில் கட்டினேன். தினம் காலையில் எத்தனை கோடு என்று நோட்டில் ஏற்றினேன். நோட்டு நிறைந்தது, புத்தி நிறையவில்லை. போத்தல் தளும்பிய வாரங்களில் செடிகள் பாட்டுக்கு நின்றன. அடியில் விரற்கடை நீர்கூடச் சேராத ஒரு வாரத்தில் மிளகாய்ப் பூவெல்லாம் கறுத்துக் கொட்டியது, வெண்டைப் பிஞ்சில் பூசணம் பூத்தது.

அந்த வாரத்தில் அப்படி என்ன நடந்தது என்று யோசித்தபோது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. கொடியில் போட்ட துணி ஐந்து நாளாகக் காயவில்லை.

போத்தலை எடுத்துக் குப்பையில் போட்டேன். மழைமாதத்தில் காய்கறித் தோட்டம் கெடுவதற்கு எவ்வளவு பெய்தது என்பது பாதிக் காரணம்கூட இல்லை. பெய்த ஈரம் இலையிலும் வேரிலும் எத்தனை மணி நேரம் தங்கியது என்பதுதான் கணக்கு. பாத்தியை எவ்வளவு உயர்த்துவது, உரம் எப்போது போடுவது, கூரை வேண்டுமா, எதை நடுவது, எதை இந்த மாதம் தொடவே கூடாது என்பதற்கெல்லாம் விடை அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. சென்னையில் 1,400 அளவில். லண்டனில் வெறும் 600. மழையின் அளவுதான் செடியைக் கொல்லும் என்றால் நம் ஊரில் கத்தரிக்காய் காய்த்தே இருக்கக் கூடாது. லண்டன்காரர்கள் மழையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஆனால் 2012ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டனின் தோட்டக்காரர்கள் அழாத குறைதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் சேர்த்து நாட்டின் சராசரி மழை சுமார் 370 மி.மீ.; அங்கே அது நூறாண்டில் காணாத கோடைமழை. நமக்கு அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்திலேயே அதைவிட அதிகம் கொட்டிவிடும். அங்கே உருளைக்கிழங்கு கருகியது, ஓடில்லா நத்தை பெருகியது. வெயில் முகம் காட்டாமல், குளிரில் ஈரம் உலராமல் கிடந்ததால் வந்த வினை அது.

அந்த ஊரில் இதை முறையாகக் கணக்குப் போட்டும் வைத்திருக்கிறார்கள். 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய உருளைக்கிழங்குக் கருகல் நோய் எப்போது தாக்கும் என்று முன்கூட்டியே சொல்ல, 1950களில் ஸ்மித் என்பவரின் பெயரால் ஒரு விதி வந்தது. தொடர்ந்து இரண்டு நாள், வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், நாளுக்கு 11 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டில் நின்றால் எச்சரிக்கை மணி அடிக்கும். 2017இல் அதற்குப் பதிலாக வந்த ஹட்டன் விதி அந்த 11 மணியை 6 ஆகக் குறைத்தது. இரண்டு விதியிலும் மில்லிமீட்டர் என்ற பேச்சே கிடையாது. மணிக்கணக்குதான்.

அந்த விதியை நம் ஊருக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கோலாலம்பூரில் ஏறக்குறைய எல்லா இரவும் ஈரப்பதம் 90ஐத் தொட்டுவிடுகிறது. நல்ல வேளை, அந்த நோய்க்கு நம் வெக்கை ஒத்துவராது. அது கேமரன் மலைத் தக்காளிக்காரர்களின் தலைவலி. நமக்கு வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் விருந்து வைத்துக் கொண்டாடும் வேறு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைத் தினமும் துரத்துவது காலை வெயில். எட்டு மணிக்குச் சுவரைத் தாண்டும் வெயில் பத்து மணிக்குள் இலையைக் காயவைத்துவிட்டால் பூஞ்சை வித்து முளைக்க நேரம் போதாமல் செத்துப்போகும். காலை வெயில் வராத நாள் ஒன்றென்றால் பரவாயில்லை. வரிசையாக நான்கு நாள் என்றால்தான் ஆபத்து.

தமிழில் இதற்குச் சொல்லே இருக்கிறது. கனமழை அளவைச் சொல்கிறது, அடைமழை நேரத்தைச் சொல்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பாட்டிமார் சொன்னது தமிழ்நாட்டு வானத்தைப் பார்த்து. இங்கேயும் தீபாவளிச் சமயத்தில் மழை வருவதால் அதே மழை என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டு மழை வடகிழக்குப் பருவமழை. நம் ஊருக்கு அந்தப் பருவக்காற்றை மறிக்கத் தித்திவங்சா மலைத்தொடர் கிழக்கே நிற்கிறது. அதன் முழு அடியை வாங்குவது கிழக்குக் கரையில் இருக்கும் கிளந்தானும் திரங்கானுவும்தான். கோலாலம்பூருக்கு மழை மிகுவது ஒரு பருவக்காற்று ஓய்ந்து மறு காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களில், அதாவது ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும். ஜூன், ஜூலையில் மாதத்துக்கு 130 மி.மீ. அளவில் பெய்தால், இந்த மாதங்களில் அதைப்போல் இரு மடங்கு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டு ஆடி கடைசியில் மிளகாய் விதைத்தால், அது பூத்துக் காய்க்கும் நேரம் சரியாக அக்டோபர் மழையில் போய் மாட்டும். நான் மாட்டியிருக்கிறேன்.

இடைமாத மழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலையில் வெயில் மண்ணைச் சுட வைக்கும், மதியத்தில் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு இடியோடு ஒரு பாட்டம் கொட்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் ஓயும். மறுநாள் மறுபடியும் வெயில். ஒரே பாட்டத்தில் லோங்காங் என்கிற தெருவோர வடிகால் நிரம்பி வழிந்தாலும் செடிக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. சிக்கல் டிசம்பரையொட்டி வருகிறது. பகல் முழுக்கச் சாம்பல் நிற வானம், பிசுபிசுவென்று தூறல், காற்றில் ஒரு குளிர். சைபீரியா, சீனா பக்கத்துக் குளிர்க்காற்று தென்சீனக் கடலைத் தாண்டிப் பாய்ந்து வரும் நாட்கள் அவை. நம் பழைய சொல்லில் வாடைக்காற்று. 2018 ஜனவரியில் தீபகற்பத்தில் பல இடங்களில் வெப்பம் 22 டிகிரி அளவுக்கு இறங்கிச் சில நாள் அப்படியே நின்றது. ஊரே சுவெட்டர் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது. செடிகளுக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. கத்தரியும் வெண்டையும் 22 டிகிரியில் நடுங்கிவிடாது. அந்த நாட்களில் வெயில் வராததுதான் அவற்றை அடித்தது.

இதை நமக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தவர்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள். (மலேசியத் தமிழில் வெறுமனே ‘தோட்டம்’ என்றால் எஸ்டேட்தான், காய்கறி வைத்தால் ‘காய்கறித் தோட்டம்’ என்று நீட்டிச் சொல்ல வேண்டும்.) மதியம் எவ்வளவு மழை கொட்டினாலும் அவர்கள் கவலைப்படவில்லை, பால் அதற்குள் எடுத்தாகிவிட்டிருக்கும். விடியலில் பட்டை ஈரமாக இருந்தால்தான் பேச்சு. மரம் காயும்வரை காத்திருக்க வேண்டும், காயாவிட்டால் அன்று பால்வெட்டு இல்லை, பெரும்பாலும் கூலியும் இல்லை. ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் பால் ஓட வெட்டிய காலுவாயை விட்டு வழிந்து வீணாகும். வெட்டிய இடத்தில் கறுப்புக் கோடு நோயும் புகும். அந்த நோயை உண்டாக்குவது அயர்லாந்தின் கிழங்கைக் கருக்கியதன் ஒன்றுவிட்ட தம்பி. மரம் காய்ந்ததா என்று மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், பட்டையைத் தொட்டுப் பார்த்ததும், நான் துணிக்கொடியைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரே சோதனைதான்.

மண்ணுக்குக் கீழே நடப்பது கொஞ்சம் வேறு கதை, ஆனால் அதிலும் மணிக்கணக்குதான். வேருக்குத் தண்ணீர் தேவைப்படுவது போலவே ஆக்சிஜனும் தேவை. நல்ல மண்ணில் துகள்களுக்கு இடையே இருக்கும் சந்துகளில் பாதியில் நீர், பாதியில் காற்று. மழையில் எல்லாச் சந்தும் நீரால் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் உள்ளே வர முடியாது, ஏனென்றால் அது காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சும் வேலையையும் நிறுத்திவிடும். மேலே இலை வாடும். மழையில் நனைந்துகொண்டே தாகத்தில் வாடும் செடி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆரம்பத்தில் நானும் நம்பாமல், வாடிய மிளகாய்க்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அதன் கதையை முடித்திருக்கிறேன். வாடல் கண்டால் முதலில் விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்து, அழுகிய முட்டை நாற்றமும் அடித்தால் அந்த மண்ணில் காற்று போய்ப் பல நாளாகிறது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பது செடிக்குச் செடி மாறும். பப்பாளி இரண்டு நாள் நீரில் நின்றால் போச்சு. மிளகாயும் தக்காளியும் அதற்கு அடுத்தபடி. கத்தரி கொஞ்சம் பொறுக்கும். கங்கோங் கீரை நீரிலேயே பிறந்தது, அதைக் கேட்கவே வேண்டாம்.

தொட்டியின் அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்பது ஊரெல்லாம் சொல்லும் யோசனை. அது தவறு. பாத்திரம் துலக்கும் பஞ்சை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கை வசமாக வையுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நிற்கும். இப்போது பஞ்சைச் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால் அதே பஞ்சு அதிக நீரை விடுகிறது. தொட்டி மண்ணும் பஞ்சுதான். அதன் அடியில் எப்போதும் ஒரு சொதசொத அடுக்கு இருக்கும். கல்லைப் போட்டால் அந்த அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மழைமாதத்துக்கு உயரமான தொட்டி நல்லது, அகலத் தட்டு ஆகாது. கலவையில் உமிக்கரியும் கரடான மணலும் கொஞ்சம் கூடுதலாக, தென்னை நார்க்கழிவு குறைவாக. தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள், ஓட்டை தரையில் ஒட்டி அடைபடாது.

பாத்திக்கும் இதே நியாயம். ஒரு முழம் உயர்த்தினால் நல்லது, ஒரு சாண் கட்டாயம். பாத்திகளுக்கு இடையே ஓடும் வாய்க்கால் எங்காவது போய்ச் சேர வேண்டும்; முட்டுச்சந்தில் முடிந்தால் அது வாய்க்கால் இல்லை, குளம். மழை விட்ட கையோடு சங்கோல் என்கிற மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஈர மண்ணை மிதித்தாலும் கொத்தினாலும் இருக்கிற சந்துகளும் அடைந்துபோகும். மேல்மண் வெளுக்கும்வரை பொறுத்து, ஏடு தட்டியிருந்தால் முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டால் போதும்.

அடுத்தது வெளிச்சம். நிலநடுக்கோட்டுக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிற ஊர் இது. வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 20 நிமிடம்தான். குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பகல் சுருங்குவது ஒரு கவலை. நமக்கு அது இல்லை. மேகம் ஒன்றுதான் நமக்கு வெளிச்சத்தைத் திருடுகிறது. கெட்டியாக மூடிய வானத்திலிருந்து நல்ல வெயிலின் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் கிடைத்தாலே பெரிது. வரிசை வீடுகளின் சுவர் நிழலையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். செடி நெட்டையாக, வெளிறி, தண்டு சோனியாக வளரும்.

இந்த நேரத்தில்தான் பலரும் ஒரு தப்புப் பண்ணுகிறோம். இலை மஞ்சளாகிவிட்டதே என்று கை நிறைய உரம் போடுகிறோம். மஞ்சளாவதற்குக் காரணம் உண்மையிலேயே பசியாக இருக்கலாம். தழைச்சத்து நைட்ரேட் வடிவில் மண்ணில் ஒட்டாமல் மழையோடு கீழே இறங்கிவிடும். ஆனால் மூச்சு முட்டிய வேரால் எதையும் எடுக்க முடியாது. வெளிச்சம் இல்லாத நாளில் எடுத்தாலும் அந்தத் தழைச்சத்து மெத்தென்ற நீர்த்த இலையாகத்தான் மாறும், பூஞ்சைக்கு அதைவிடப் பிடித்த பண்டம் கிடையாது. வழக்கமான அளவில் பாதியை, இரண்டு நாள் சேர்ந்தாற்போல வெயில் கண்ட பிறகு, இரண்டு தவணையாகப் போடுவது என் பழக்கம். கோழி எருவை மழைக்கு முன்னால் மேலே தூவினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஈ, உங்களுக்குப் பேச்சு, செடிக்கு ஒன்றும் இல்லை.

தக்காளி, மிளகாயின் அடிப்பக்கம் கறுத்துச் சப்பையாவதையும் உரக்குறை என்று நினைத்துச் சுண்ணாம்பு தூவுவார்கள். சுண்ணாம்புச்சத்து செடிக்குள் நகர்வது இலை இழுக்கும் நீரோடு. காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது இலையிலிருந்து நீராவி போகாது, இழுப்பும் இருக்காது. மண்ணில் எத்தனை சுண்ணாம்பு கிடந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது. வெயில் வந்தால் அடுத்த காய் தானே சரியாகும். ஆனால் சுண்ணாம்புக்கு வேறு வேலை இருக்கிறது. நம் செம்மண் இயல்பிலேயே புளிப்பு மண், அமிலகாரக் குறியீடு 4, 5 அளவில் நிற்கும். ஒவ்வொரு மழைமாதமும் அதை இன்னும் புளிக்க வைக்கிறது. மழை தணிந்ததும், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பாக, ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் டோலோமைட் தூளைக் கலந்துவிடுவது நல்லது. யூரியாவோடோ கோழி எருவோடோ ஒரே நாளில் கலந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகி மூக்கில் ஏறிவிடும்.

இனி வெக்கையிலும் ஈரத்திலும் விருந்து வைக்கும் அந்தப் பூஞ்சைக் கூட்டத்துக்கு வருவோம். வெண்டை, பயத்தங்காய், மிளகாய்ப் பூக்களின் மேல் கறுத்த ஊசித்தலை வைத்த மயிர்க்கால்கள் போல ஒன்று முளைத்திருந்தால் அது கோவனிஃபோரா என்ற பூஞ்சை. வாடிய பூவிதழில் குடியேறி, அங்கிருந்து பிஞ்சுக்குள் இறங்கி, ஒரே இரவில் கூழாக்கிவிடும். என் நோட்டில் அந்த ஐந்து நாளில் நடந்தது இதுதான். பிஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாடிய பூவைக் காலையில் விரலால் தட்டிவிடுவது அலுப்பான வேலை. ஆனால் நான் செய்து பார்த்ததில் இதற்கு இணையான மருந்து இல்லை.

மிளகாய்ப் பழத்தில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து, உள்ளே வளையங்கள் தெரிந்தால் பழ அழுகல். மழைத்துளி மண்ணிலும் பழைய காயிலும் பட்டுத் தெறிக்கும்போது வித்துகள் ஏறுகின்றன. தரையை மூடிவிட்டால் தெறிப்பு நிற்கும். காய்ந்த லாலான் புல், வைக்கோல், விவசாயிகள் போடும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக், எதுவானாலும் சரி. வைக்கோலைக் கெட்டியாகப் போட்டால் அடியில் நத்தை குடும்பம் நடத்தும் என்பதால் தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். அழுகல் கண்ட பழத்திலிருந்து விதை எடுக்க வேண்டாம், நோய் விதையோடு வந்துவிடும்.

கங்கோங் இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் வந்தால் வெண்துரு. அறுத்தெறிந்து புதிதாகத் துளிர்க்க விடலாம். பீர்க்கு, வெள்ளரியில் வருவது அடிச்சாம்பல். இலையின் மேல் மாவு தூவியது போல் இருந்தால் அது வேறு சாம்பல் நோய், அது வறண்ட நாட்களுக்கு உரியது. மழை அதைக் கழுவிவிடும். சிலந்திப்பேன், வெள்ளை ஈ, இலைப்பேன் ஆகியவையும் மழையில் குறையும்.

பச்சையாக இருக்கும்போதே ஒரு கத்தரியோ தக்காளியோ திடீரென்று தலைசாய்ந்தால் தண்டை அறுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து இல்லை. செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் சில வருஷம் கத்தரி, தக்காளி, மிளகாய் வகையறாவை மறந்துவிட வேண்டும். வாய்க்கால் நீரோடு அது பக்கத்துப் பாத்திக்கும் போகும் என்பதால் நோய் கண்ட பாத்தியின் நீர் மற்றதன் வழியாக ஓடக் கூடாது.

மருந்து அடிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். செம்பு மருந்தானாலும் வேப்பெண்ணெயானாலும் இலையில் காய்ந்து பிடிக்கச் சில மணி நேரம் வேண்டும். அந்தச் சில மணி நேரம் கிடைத்தால் நோயே வந்திருக்காது. இலையை இலை உரசாமல் இடைவெளி விட்டு நடுவதும், கத்தரியின் கீழ்க்கிளைகளைக் கவாத்து பண்ணிக் காற்றோட்டம் விடுவதும், சாயங்காலம் நீர் ஊற்றுவதை நிறுத்துவதும் செலவில்லாமல் இலையைச் சீக்கிரம் காயவைக்கும்.

கூரை போடலாமா? கேமரனிலும் சமவெளியிலும் விவசாயிகள் பயன்படுத்தும் மழைமறைப்பு, பக்கமெல்லாம் திறந்து மேலே மட்டும் தெளிந்த பிளாஸ்டிக் போட்டது. 1969இல் தொடங்கிய மார்டி என்கிற மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நீண்ட காலமாகச் சமவெளிக் காய்கறிக்கு இதைப் பரிந்துரைத்து வருகிறது. வீட்டுக்கு ஏழடி உயரத்தில் சரிவாக ஒரு தகடு போதும். நாலு பக்கமும் மூடினால் மழை போய்ப் புழுக்கம் வரும், இலை அதே ஈரத்தில்தான் நிற்கும். கூரையின் கீழ் கையால் நீர் ஊற்ற வேண்டும். மழை கழுவாததால் வெள்ளை ஈயும் பேனும் குடிவரும். கொஞ்சம் வெளிச்சமும் குறையும். என்னைக் கேட்டால் மிளகாய்க்கும் நாற்றுக்கும் மட்டும் கூரை, மற்றதெல்லாம் வானம் பார்த்தபடி. பின்சந்தில் நீட்டிக் கட்டுவதற்கு முன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சந்து நம்முடையது அல்ல.

எதை நடுவது என்பதில்தான் பாதிச் சண்டை தீர்ந்துவிடுகிறது. சுங்கை பூலோ நாற்றங்கால்களுக்கு நவம்பரில் போனேன். 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கியவை அவை. இன்றைக்கும் கோலாலம்பூர்க்காரர்கள் செடி வாங்க அங்கேதான் போகிறார்கள். தக்காளி நாற்றை எடுத்தேன். அங்கே வேலை செய்யும் தம்பி, “அக்கா, இப்ப தக்காளி வேணாம்லா. தைப்பூசம் கழிச்சு வாங்க” என்றார். விற்க வந்தவரே வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தக்காளி நன்றாகக் காய்பிடிக்க இரவு வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும், நமக்கு 24. ஏற்கெனவே கஷ்டப்படும் செடியின் மகரந்தம் ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டு உதிராமல் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

எஸ்டேட் லயத்து வீடுகளின் பின்னால் எங்கள் பாட்டி வைத்திருந்ததை நினைத்துப் பார்த்தால் மழைமாதத் தோட்டம் அப்படியே கண்ணில் நிற்கிறது. லோங்காங் ஓரத்தில் சேம்பு, வல்லாரை. சொதசொதப்பான மூலையில் கங்கோங். வேலியில் பசலை, பொன்னாங்கண்ணி. தவசிக்கீரை என்கிற சாயோர் மானிஸ் குச்சியை ஒடித்து நட்டால் மழையிலேயே வேர்விடும். (அதை வேகவைத்தே சாப்பிடுங்கள். 1990களில் தைவானில் உடல் இளைக்க அதன் பச்சைச் சாற்றைக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.) இவையெல்லாம் இலைக்காக வளர்ப்பவை, பூத்துக் காய்க்க வேண்டிய அவசியம் இல்லை, அறுக்க அறுக்கப் புது இலை வரும். ஈரம் எவ்வளவு நேரம் தங்கினாலும் அவற்றின் பிழைப்பு நடக்கும்.

கத்தரியும் தக்காளியும் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒட்டுக்கட்டுதல் இருக்கிறது. தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் காய்கறி மையம் வெக்கையும் மழையும் சேர்ந்த மாதங்களுக்கென்று தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டும் முறையைப் பரப்பியது. கத்தரி வேர் நீர்த் தேக்கத்தையும் பாக்டீரியா வாடலையும் தக்காளி வேரைவிட நன்றாகத் தாங்குகிறது. கத்தரிக்கு வேராகச் சுண்டைக்காய்ச் செடியைப் பயன்படுத்துவதும் ஆசியாவில் பல இடங்களில் வழக்கம். நாம் வத்தல் போடும் அதே சுண்டைக்காய்தான், மலாயில் தெரோங் பிப்பிட். குருவி எச்சத்தில் விழுந்து லோங்காங் ஓரமெல்லாம் தானே முளைத்துக் கிடக்கும். பென்சில் பருமனான இளந்தண்டை நடுவே பிளந்து, ஆப்பு போலச் சீவிய கத்தரி நுனியைச் செருகி, கிளிப் போட்டு, ஒரு வாரம் பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். எனக்குப் பத்தில் நான்குதான் பிடித்தது. பிடித்த நான்கும் அந்த வருஷ டிசம்பரைத் தாண்டின.

கையுறை போடுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஈர மண்ணில் எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் ஒன்று. மண்ணிலேயே வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் இன்னொன்று. இரண்டும் மழைமாதத்தில் கூடும். இரண்டாவது நோய் நீரிழிவு உள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும், நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? காலில் புண்ணோடு வெறுங்காலில் பாத்தியில் இறங்கக் கூடாது. ஆப்பிரிக்க ராட்சத நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கும்போதும் வெறுங்கை வேண்டாம். அது எலியின் நுரையீரல் புழுவைச் சுமப்பது. நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாகச் சாப்பிடுவதாக இருந்தால் ஒவ்வோர் இலையாகக் கழுவுங்கள். உப்பைத் தூவி நத்தையைக் கொன்றால் மண்ணும் கூடவே கெடும். லோங்காங் நீர் ஏறிய பாத்தியின் கீரையைச் சமையலறைக்குக் கொண்டுவரவே வேண்டாம். தொட்டித் தட்டுகளை மழைமாதம் முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு.

டிசம்பர் நடுவில் மிளகாய், தக்காளி, சுண்டைக்காய் விதைகளைத் தட்டில் போட்டுவிட்டேன். சுண்டைக்காய் முளைக்கச் சோம்பேறித்தனம் பண்ணும் என்பதால் அது மூன்று வாரம் முன்னாலேயே. ஆறு வாரத்தில் நாற்று தயாரானால், வாடைக்காற்று அடங்கும் ஜனவரிக் கடைசியில் நடலாம். தட்டுகள் இப்போது கார் போர்ச்சில் துணிக்கொடிக்குக் கீழே இருக்கின்றன. துணி காய்ந்த நாளில் தட்டின் மூடியைத் திறந்து வைக்கிறேன். இன்றைக்குத் திறக்கவில்லை.